ஆண்டு 56971 என்று வந்தபோது

பிட்காயின் எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் மூல வர்த்தகப் பதிவுகளை டக்டிபி (DuckDB) என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றி, ஏஐயிடம் தமிழிலேயே கேட்டேன்: "2025 ஜனவரி 1 அன்று மணிவாரியாக எவ்வளவு கைமாறியது?" வந்த முதல் வரியிலேயே ஆண்டு 56971! ஃபைலைத் திறந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். நேரம் அதில் 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நேரத்தைக் குறிக்கும் ஒரே எண்ணாக இருக்கிறது; டிசம்பர் ஃபைலில் அது 13 இலக்கம், ஜனவரியில் 16. மில்லி செகண்ட் மைக்ரோ செகண்டாக மாறியிருக்கிறது. ஆயிரத்தால் வகுக்கச் சொன்னதும் தேதி சரியானது.

இன்னொரு பிழை இதைவிட ஆபத்தானது, கண்ணிலேயே படாது. 'வாங்குபவர் மேக்கரா' என்ற நெடுவரிசையில் ட்ரூ என்றிருந்தால், வாங்குபவர் ஆர்டர் போட்டுக் காத்திருந்தார், விற்றவர்தான் அந்த விலைக்கு இறங்கி வந்தார் என்று பொருள். விற்கும் பக்கத்தில் சேர வேண்டிய அதை ஏஐ வாங்கும் பக்கத்துக் கணக்கில் சேர்த்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகே கேள்வி கேட்கிறேன். பத்து வரியை எடுத்துக் கையாலும் கூட்டிப் பார்த்துவிடுகிறேன்.