பிளஸ் ஒன்ல என்ன குரூப் எடுக்கிறது? பிள்ளைகூட உக்காந்து முடிவு பண்றது எப்படி

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிரும், மாமா ஒரு குரூப் சொல்வாரு, சித்தி வேற ஒண்ணு சொல்வாங்க, பக்கத்து வீட்டு அண்ணன் இப்ப எதுக்கு ஸ்கோப்னு சொல்லிட்டுப் போவாரு, ஸ்கூல்ல அப்ளிகேஷன் வாங்கிட்டு வரிசையில நிக்கிறப்பதான் பிள்ளைகிட்ட திரும்பி "உனக்கு என்ன வேணும்"னு கேப்போம். அதுக்குள்ள எல்லாம் முடிவாகியிருக்கும், பிள்ளையும் தலையாட்டிரும். எங்க தெருவுல பத்தாவது முடிக்கிற பிள்ளைங்க கூட நான் சில வருஷமா வருஷாவருஷம் மே மாசம் உக்காந்து பேசிட்டு வர்றேன், அதுல பாத்ததைத்தான் எழுதறேன். பரீட்சை முடிஞ்சு ரிசல்ட் வர்றதுக்கு நடுவுல இருக்கிற லீவ்தான் இதுக்கு சரியான நேரம், மார்க் வந்துட்டா பேச்சு முழுக்க மார்க்க சுத்தியே போயிரும்.

முதல்ல அடிப்படை. ஸ்டேட் போர்டுல மொழிப்பாடமும் இங்கிலீஷும் எல்லாருக்கும் பொது, மீதி நாலு பாடம்தான் குரூப். ஒவ்வொண்ணுக்கும் 100, மொத்தம் 600. ப்ராக்டிகல் இருக்கிற பாடத்துக்கு எழுத்துத்தேர்வு 70, ப்ராக்டிகல் 20, அகமதிப்பீடு 10, இல்லாத பாடத்துக்கு 90ம் 10ம். ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப்னு சொல்றது ஊருக்கு ஊர், ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், அதனால அந்தப் பேரை நம்பாம நாலு பாடத்தோட பேரையும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஒரு ஸ்கூல்ல காமர்ஸ்கூட பிசினஸ் மேத்ஸ் இருக்கும், இன்னொண்ணுல அதே இடத்துல கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் இருக்கும், ரெண்டும் ஒரே குரூப்னு நினைச்சு சேத்துட்டு அப்புறம் முழிக்கிறவங்க இருக்காங்க.

இப்ப முக்கியமான விஷயம். பத்தாவதுல சயின்ஸ்ங்கிறது ஒரே பேப்பர், அதுக்குள்ளதான் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாமே இருக்கு. 96 வாங்கிட்டான்னா வீட்ல எல்லாரும் "சயின்ஸ்ல புலி"ன்னு சொல்லிருவோம், ஆனா அந்த 96 எங்கிருந்து வந்துச்சுன்னு மார்க் ஷீட்ல தெரியாது. அதுக்கு பழைய விடைத்தாள் வேணும். கால் பரீட்சை, அரைப் பரீட்சை, ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் எல்லாம் பைக்குள்ள எங்கயாவது கிடக்கும், தூக்கிப் போடாம எடுத்து வைங்க.

போன மே மாசம் எதிர்வீட்டுப் பொண்ணு வந்திருந்தா. வீட்ல எல்லாரும் பயோ மேத்ஸ்னு, அதாவது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ் நாலும் இருக்கிற குரூப்னு முடிவு பண்ணியாச்சு, அவளுக்கு சரியா தெரியல. நாலு சயின்ஸ் பேப்பரை பாய்ல பரப்பி வச்சு, மார்க் குறைஞ்ச இடத்துல எல்லாம் பென்சில்ல வட்டம் போடச் சொன்னேன். போட்டு முடிச்சதும் அவளே அமைதியாயிட்டா, ஏன்னா வட்டம் பூராவும் பிசிக்ஸ் கணக்குலதான், லென்ஸ் கணக்கு, மின்தடை கணக்கு இப்படி, உயிரியல் பக்கம் ஒரு வட்டம் கூட இல்ல. "அக்கா, நான் பயாலஜி தான் நல்லா படிச்சிருக்கேனா"ன்னு கேட்டா. ஒரு வருஷம் முழுக்க அவ கையிலயே இருந்த பேப்பர்தான் அது. சோஷியல்லயும் இதே கதைதான், வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளாதாரம் எல்லாம் ஒரே மார்க்குக்குள்ள இருக்கு, எது பிடிச்சு படிச்சதுன்னு தனியா கேட்டாதான் தெரியும்.

அடுத்தது பதினொண்ணாவது புத்தகம். பாடநூல் கழகத்தோட பிடிஎஃப் இலவசமாவே கிடைக்குது, இல்லன்னா போன வருஷம் படிச்ச பிள்ளைகிட்ட கடன் வாங்குங்க. யோசிச்சிட்டு இருக்கிற ஒவ்வொரு பாடத்துலயும் முதல் ரெண்டு பாடத்தைப் பிள்ளையவே படிக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் குடுத்து, பக்கத்துல நின்னு கேள்வி கேக்காம விட்ருங்க. புரிஞ்சுதான்னு பாக்க வேண்டாம், புரியாது, நடத்தாத பாடம் எப்படிப் புரியும். புரியலைன்னாலும் திரும்ப எதை எடுத்துப் பாக்குதுன்னு மட்டும் கவனிங்க. பிசிக்ஸ்ல ரெண்டாவது பாடத்தைக் கட்டாயம் காட்டுங்க, இயக்கவியல், அதுல வெக்டர் வந்துரும், வகையிடல் தொகையிடல் கூட வந்துரும், ஆனா மேத்ஸ் புத்தகத்துல அந்த வகையிடலைச் சொல்லித்தர்ற வகை நுண்கணிதம் ரெண்டாவது தொகுதியிலதான் இருக்கு. அப்ப ஜூன் ஜூலைல பிசிக்ஸ் கிளாஸ்ல திணறாத பிள்ளையே கம்மி, மேத்ஸ் குரூப் பிள்ளைக்கே இப்படின்னா மேத்ஸ் இல்லாத குரூப்புல சேர்ற பிள்ளைக்கு இன்னும் கஷ்டம், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. அக்கவுண்டன்சில ஆரம்பத்துல இரட்டைப் பதிவு முறை, குறிப்பேடு, பேரேடு வரும், கணக்கு பயம்னு காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு அதப் பாத்ததும் தெரியும் இங்கயும் எண்தான் இருக்குன்னு, ஆனா அது கூட்டல் கழித்தலும் ஒழுங்கும்தான், மேத்ஸ்ல தடுமாறின பிள்ளைங்க இதுல நல்லா வர்றத நானே பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பதினொண்ணுல சி பிளஸ் பிளஸ், பன்னெண்டுல பைத்தான். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்ல வெப்பேஜ் பண்றது, ஹெச்டிஎம்எல் பிஹெச்பி மாதிரி. ஃபோன்ல நல்லா விளையாடுவான்ங்கிறத வச்சு இதுல சேத்து விடாதீங்க.

மூணாவதா கதவு. ஒரு குரூப் எடுத்தா எந்தக் கதவு திறக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, எது மூடும்னு கேக்கணும். எனக்கு பத்தாவதுல நல்ல மார்க், ஸ்கூல்ல லிஸ்ட் போட்டு நேரா பயோ மேத்ஸ் கிளாஸ்ல உக்கார வச்சாங்க, ஒருத்தர் கூட என்கிட்ட கேக்கல, நானும் வாயத் திறக்கல. ரெண்டு வருஷம் தூக்கம் கெட்டு படிச்சு கடைசில பி.காம்தான் சேர்ந்தேன், அங்க பக்கத்துல உக்காந்த பிள்ளைங்க எல்லாம் ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்த அக்கவுண்ட்ஸை நான் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன். கதவு மூடல, உண்மைதான், ஆனா அந்த முதல் வருஷம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்ஜினியரிங்னா மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் வேணும். தமிழ்நாட்டுல 2007ல இருந்து நுழைவுத்தேர்வு இல்ல, பிளஸ் டூ மார்க்க வச்சுதான் கவுன்சிலிங், கட் ஆஃப் 200க்கு, மேத்ஸ் 100 முழுசா, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதி. மேத்ஸ்ல 90, பிசிக்ஸ்ல 80, கெமிஸ்ட்ரில 84னா 90 கூட 40 கூட 42, மொத்தம் 172. இதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கும் இல்ல, பயாலஜி மார்க்கும் இல்ல, பாத்தீங்களா. பி.இ கம்ப்யூட்டர் படிக்க பிளஸ் ஒன்லயே கம்ப்யூட்டர் குரூப் எடுத்தாகணும்னு நினைக்கிறது தப்பு, பயோ மேத்ஸ் பிள்ளையும் போகலாம். ஐஐடி மாதிரி இடத்துக்கு ஜேஇஇ எழுதினாலும் அதே மூணு பாடம்தான். ஆர்க்கிடெக்சருக்கு மேத்ஸும் பிசிக்ஸும் கட்டாயம், கூட நாட்டா மாதிரி தனித் தேர்வு இருக்கு, நல்லா படம் வரையுதுன்னு மேத்ஸ் இல்லாத குரூப்புல சேத்துட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது.

டாக்டருக்கு நீட், மொத்தம் 720 மார்க், அதுல பயாலஜி மட்டும் 360, மேத்ஸ் ஒரு கேள்வி கூட கிடையாது. அதனால மெடிக்கல்தான்னு உறுதியா இருக்கிற பிள்ளை பாட்டனி சுவாலஜி தனித்தனியா இருக்கிற ப்யூர் சயின்ஸ் குரூப் எடுக்கலாம், பயோ மேத்ஸும் எடுக்கலாம். நீட்ல சீட் கிடைக்கலைன்னா இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கட்டும்னு தான் பயோ மேத்ஸ் சொல்றாங்க, அது நியாயமான காரணம், ஆனா அந்த ரெண்டாவது கதவுக்கு பிள்ளை ரெண்டு வருஷம் மேத்ஸ் சுமக்கணும், சுமக்க முடியுமான்னு அந்த விடைத்தாளைப் பாத்துட்டு சொல்லுங்க. பி.பார்முக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கூட மேத்ஸோ பயாலஜியோ ஏதாவது ஒண்ணு போதும். எதிர்வீட்டுப் பொண்ணுக்கு கேக்கக் கேக்க வெளிய வந்தது நர்சிங், பி.எஸ்சி நர்சிங்குக்கு மேத்ஸ் தேவையில்ல, தமிழ்நாட்டுல பிளஸ் டூ மார்க்லயே சேர்க்கை. கடைசில அவ ப்யூர் சயின்ஸ்தான் எடுத்திருக்கா, ஜூன் மாசம் பூரா சாயங்காலம் வெக்டர் மட்டும் நாங்க தனியா உக்காந்து போட்டோம்.

காமர்ஸ், ஆர்ட்ஸ் பத்தி ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும், மார்க் கம்மியான பிள்ளைக்கு அந்த குரூப்புன்னு தள்ளி விடாதீங்க. ஆடிட்டர் ஆகறதுக்கு முதல்ல எழுதற சிஏ ஃபவுண்டேஷன் தேர்வை எந்த குரூப் முடிச்சவங்களும் எழுதலாம், ஆனா அதுல இருக்கிற நாலு பேப்பர் கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளாதாரம், அப்ப பிளஸ் ஒன்லயே அக்கவுண்டன்சியும் எக்கனாமிக்ஸும் படிச்ச பிள்ளை எவ்வளவு முன்னாடி நிக்கும்னு பாருங்க. வக்கீலுக்கு அஞ்சு வருஷப் படிப்பு, எந்த குரூப்பும் சரி, நம்ம அரசு சட்டக் கல்லூரில பிளஸ் டூ மார்க்லயே இடம், தேசிய சட்டப் பல்கலைக்கழகம்னா கிளாட் எழுதணும். ஐஏஎஸ் எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும், வரலாறும் புவியியலும் ஆசையா படிக்கிற பிள்ளைய அதுலயே விடுங்க.

தொழிற்பிரிவும் இருக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல தனியா இடமும் இருக்கு. கையால செய்யப் பிடிக்கிற பிள்ளைக்கு பத்தாவது முடிச்சே மூணு வருஷம் பாலிடெக்னிக், அதுக்கப்புறம் நேரா பி.இ ரெண்டாம் வருஷம்.

ஸ்கூல் மாத்தறதப் பத்தி. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பிள்ளைக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் மாதிரி படிப்புகளுக்கும் வந்துச்சு. காலேஜ் போனதும் பொண்ணுகளுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபாயும் உண்டு. பத்தாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிக்க வச்சிட்டு, கடன் வாங்கி பிளஸ் ஒன்னுக்கு மட்டும் பிரைவேட்ல சேத்தா அந்த ஒதுக்கீடு கையவிட்டுப் போயிரும், தயவுசெஞ்சு இத ரெண்டு தடவை யோசிங்க. தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தறதும் அப்படித்தான், தமிழ் வழியிலயே படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை இருக்கு, அத விட்டுட்டு மாத்தறதா இருந்தா காரணம் பிள்ளை வாயில இருந்து வரட்டும்.

ஸ்கூலுக்குப் போறப்ப கேக்க வேண்டியது ரெண்டு. இந்த குரூப்புக்கு நாலு பாடத்துக்கும் வாத்தியார் இருக்காங்களா, லேப் நடக்குதா, இது ஒண்ணு. ரெண்டாவது, பிளஸ் ஒன் பாடம் முழுசா நடத்துவீங்களா. 2025-26ல இருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாததால, பதினொண்ணாவது பாடத்த ஓரம் வச்சிட்டு முதல் வருஷமே பன்னெண்டாவத ஆரம்பிச்சிருவாங்களோன்னு ஒரு பயம் எனக்கு இருக்கு, நீட்லயும் ஜேஇஇலயும் ரெண்டு வருஷப் பாடத்துல இருந்தும் கேள்வி வரும். படிக்கிற அண்ணன் அக்காக்களையும் கேட் பக்கத்துல நிறுத்திக் கேளுங்க, அவங்க உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க.

சேந்த பிறகு மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி பிள்ளையோட நோட்ட எல்லாம் எடுத்துப் பாருங்க, எந்த நோட்டு நிறைஞ்சிருக்கு, எதுல பாதிப் பக்கத்தோட நிக்குதுன்னு. ஒரு பாடம் மட்டும் இழுக்குதுன்னா அதுக்கு மட்டும் உதவி தேடலாம், குரூப்ப மாத்த வேண்டியதில்ல. ரெண்டு மூணு பாடத்துலயும் நோட்டு காலியா இருந்து, காலைல ஸ்கூலுக்குக் கிளம்பறதே போராட்டமா இருந்தா தாமதிக்காம ஹெச்எம்மைப் போய்ப் பாருங்க, வேற குரூப்புல இடம் இருந்தா ஆரம்பத்துல மாத்திக் குடுக்க ஒத்துக்குவாங்க, நாள் ஆக ஆக நடத்தி முடிச்ச பாடம் சேர்ந்துட்டே போகும், பிள்ளைக்குத்தான் கஷ்டம். போகும்போது பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, ஏன் மாத்தணும்னு அதுவே சொல்லட்டும்.