குருப்பட்டமும் முனைவர் பட்டமும்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு வழிகாட்டி

முதலில் இறையியலில் முனைவர் பட்டம், பிறகு சாவகாசமாகக் குருப்பட்டம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அந்தக் கணக்கு செல்லும். இங்கிலாந்து இறையியலாளர் சாரா கோக்லி ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து பேர் வாங்கியபின், 2001இல்தான் குருவானார். நம் பக்கம் வரிசை வேறு. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்கு முதல் கையெழுத்து சேகர ஆயருடையது (சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகள்), இரண்டாவது பேராயருடையது (பிஷப்). கல்லூரி முதல்வரின் கையெழுத்து மூன்றாவதுதான். தான் அனுப்பாத ஆளுக்குக் குருப்பட்டம் கொடுத்தாக வேண்டிய கடமை திருமண்டலத்துக்கு, அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதிக்கு, இல்லை. சொந்தக் காசில் பி.டி. என்ற இறையியல் இளங்கலைப் பட்டம் முடித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, சேகரம் கிடைக்காமல் நிற்கிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எந்தச் சபை என்பதையும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இது இன்று உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் உறுப்பு. படுகைப் பகுதிக்கு இதன் திருச்சி–தஞ்சைத் திருமண்டலம். தரங்கம்பாடி வழி வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபை, அதன் ஆட்சிமுறையும் தனி. ஒரே குடும்பத்தில் அப்பா வழி ஒன்றிலும் அம்மா வழி மற்றொன்றிலும் இருப்பது இங்கே சகஜம். ஆனால் விண்ணப்பம் ஒரு சபை வழியாகத்தான் போகும்.

விண்ணப்பத்துக்கு முன்

ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, சேகரத்தில் நற்கருணை (திருவிருந்து) பெறும் அங்கத்தினர் என்பதற்கான சான்று ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பெயரைச் சரிபாருங்கள். ஞானஸ்நானச் சான்றில் 'சாமுவேல் தேவசகாயம்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'டி. சாமுவேல்', ஆதாரில் வேறொன்று என்றிருந்தால் கல்லூரிச் சேர்க்கை, பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என ஒவ்வொரு கட்டத்திலும் அது தலைதூக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்திவிடுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் யாரும் அடித்து எழுதக் கூடாது. பதிவில் உள்ளவரும் பள்ளிச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று ஆயரிடம் தனிக் கடிதம் வாங்கினால் போதும்.

திருமண்டலம் ஊழியத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போது பார்ப்பது மதிப்பெண்ணை மட்டும் அல்ல. ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு, கிளைச்சபை ஆராதனை என்று நீங்கள் செய்த வேலையைச் சேகரக் கமிட்டி சொல்லவேண்டும். இரண்டு மூன்று வருடம் ஒரு உபதேசியாரோடு (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) கிராமச் சபைகளுக்குப் போய் வந்தவருக்கும், விண்ணப்பம் கொடுத்த மாதத்தில் கோயிலுக்கு வரத் தொடங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண்களும் விண்ணப்பிக்கலாம். 1970களிலிருந்தே தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருக்கள் உண்டு. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பா லலிதா பேராயரானார். ஆனாலும் சேகர மட்டத்தில் முணுமுணுப்பு இல்லை என்று சொல்ல முடியாது, அதற்கும் தயாராக வாருங்கள்.

இளங்கலைக்கு எந்தப் பாடமும் ஆகும். பின்னாளில் கல்வித்துறையில் நிற்க நினைத்தால் வரலாறு அல்லது தமிழ் இலக்கியம் எடுப்பது கெட்டிக்காரத்தனம். ஏ. ஜே. அப்பாசாமி ஆக்ஸ்போர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் அருகருகே வைத்துப் படித்தார், பிறகு கோவைப் பேராயரானார். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜி. யு. போப் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குருவானவருக்குத் தேவாரம் தெரிந்திருப்பது இந்த மண்ணில் கூடுதல் தகுதியல்ல, அடிப்படை.

பி.டி. படிப்பு

செராம்பூர் கல்லூரி 1818இல் தொடங்கியது. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதன் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில்தான் பெரும்பாலும் நம் ஆட்கள் படிக்கிறார்கள்: மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னையில் குருகுல், பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி. பட்டதாரிக்குப் பி.டி. நான்கு வருடம். கிராமச் சபையில் பேசப்போகிறவருக்கு மதுரை நல்லது, தமிழில் இறையியல் எழுதப் பழகலாம். நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பெங்களூர். ஆனால் நான்கு வருடம் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு வந்து, திருவாரூர்ப் பக்கம் நடவு முடிந்து வந்து உட்காரும் சபையார் முன்னால் 'இருத்தலியல்' என்று ஆரம்பிப்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

முதல் வருடம் பலரைத் தள்ளாடவைப்பது கிரேக்கமும் எபிரெயமும். வினைச்சொல் அட்டவணையைப் பரீட்சைக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்வது உதவாது. தினம் இருபது நிமிடம், மாற்கு நற்செய்தியில் ஐந்து வசனம், சத்தமாக வாசித்துப் பாருங்கள். மொழியை அரைகுறையாக விட்டவருக்குப் பின்னால் எம்.டி.எச். என்ற இறையியல் முதுகலையில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்ற இரண்டு கதவும் அடைபடும்.

இன்னொரு தவறு, விளக்கவுரைத் தாளைப் பிரசங்கமாக எழுதுவது. பேராசிரியர் கேட்பது: மூலத்தில் எந்தச் சொல், கையெழுத்துப் படிகளில் பாடபேதம் உண்டா, வாக்கியம் எங்கே முடிகிறது, முதலில் கேட்டவர்கள் யார். 'இன்று நமக்கு' என்ற பத்தி கடைசிப் பக்கத்துக்கு. 1871இல் பவர் குழுவினர் முடித்த பழைய தமிழ்த் திருப்புதலை மட்டும் வைத்து வாதம் கட்டக் கூடாது.

உதவி குருவிலிருந்து குருவானவர்

படிப்பு முடிந்ததும் தகுதிகாண் காலம், பிறகு உதவி குரு, அதன்பின் குருப்பட்டம். இடைவெளி திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். உதவி குரு ஸ்டோல் என்ற நீள் துணிப்பட்டையை இடது தோளிலிருந்து குறுக்காக அணிவார், குருவானவர் இரு தோளிலும். உடுப்பைவிட வேலையில் உள்ள வித்தியாசம் பெரிது: உதவி குரு திருவிருந்தை நடத்த முடியாது, பரிமாற உதவலாம். ஆகவே கிளைச்சபைகளின் திருவிருந்து நாட்கள் குருவானவரின் நாட்காட்டியைப் பொறுத்தே அமையும். ஒரே ஞாயிறில் தலைமைச் சபை, இரண்டு கிளைச்சபை என்று போட்டால் கடைசிச் சபைக்காரர்கள் பதினொன்றரை மணி வெயிலில் காத்திருப்பார்கள். இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

கல்யாணம் 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு (சபையில் திருமண அறிவிப்பு), காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் சடங்கு, அன்றே பதிவேட்டில் கையெழுத்து. முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போய்விட்ட சாட்சிகளைத் தேடி ஓடாமலிருக்க, பதிவேட்டை ஆராதனைக்கு முன்பே திறந்து விவரங்களை நிரப்பி வையுங்கள்.

முதல் இரண்டு வருடம் ஆராய்ச்சி ஆசையை ஓரமாக வைப்பது நல்லது, படிக்கும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். திங்கட்கிழமை பெரும்பாலான ஆயர்களுக்கு ஓய்வு நாள். அதில் காலை மூன்று மணி நேரம் கைபேசியை அணைத்துவிட்டு உட்கார முடிந்தால் அதுவே பெரிய சொத்து. டிசம்பரும் லெந்து காலமும் எழுதுவதற்கு ஆகாத மாதங்கள். சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் வீடு சந்திப்பு இரவு எட்டு மணிக்கு மேல்தான் நடக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொஞ்சம் மூச்சு விடலாம். இடமாற்றம் வழக்கமாக மே மாதம் வரும், ஆகவே ஆய்வுக் குறிப்புகளை ஏப்ரலுக்குள் நகலெடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.

எம்.டி.எச்., தலைப்பு, ஆவணம்

எம்.டி.எச். இரண்டு வருடம், முதல் வருடம் தாள்கள், அடுத்து ஆய்வேடு. சேர்வதற்குப் பேராயரின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். படிக்கும் காலத்தில் சம்பளம் உண்டா, பணிமூப்பு தொடருமா, வைப்புநிதி யார் கட்டுவது, திரும்பி வந்து எத்தனை வருடம் உழைக்கவேண்டும் என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். பேராயர் மாறினால் வாய்வார்த்தை நிற்காது.

தலைப்பில் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். 'தமிழ்க் கிறிஸ்தவமும் சாதியும்' என்பது ஆய்வுத் தலைப்பல்ல, ஒரு நூலக அலமாரி. ஓர் ஊர், சில வருடங்கள், ஒரு கட்டு ஆவணம் என்று சுருக்குங்கள். படுகையில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தலைப்புகள் கிடக்கின்றன. சபைக்குள் சாதி வேறுபாடு ஒழியவேண்டும் என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பினார். தஞ்சைச் சபையில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எதிர்த் தரப்பில் நின்று எழுதினார். அந்தப் பதில்கள் எந்த வேதவசனங்களை எப்படிக் கையாண்டன என்று மட்டும் பார்த்தாலே ஓர் ஆய்வேடு. இன்னொன்று: தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஆங்கிலிக்கன் பேராயர் கைவைத்துக் குருவானவரல்ல, லூத்தரன். ஆனால் சம்பளம் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தினுடையது. அவர் பரிமாறிய திருவிருந்தை அன்றைய ஆங்கிலிக்கன் இறையியல் எப்படி ஏற்றுக்கொண்டது? 1947 இணைப்புப் பேச்சுவார்த்தையிலும் இதே கேள்விதான் பல வருடம் இழுத்தடித்தது.

சேகரப் பதிவேட்டைக் கையாளும் முறை தனி. ஆயரிடமும் திருமண்டல அலுவலகத்திலும் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பேனா உள்ளே வரக் கூடாது, பென்சில் மட்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். படமெடுக்கும்போது முதல் படம் அட்டை, இரண்டாவது முதல் பக்கம், பிறகு வரிசையாக, ஒவ்வொன்றிலும் பக்க எண் தெரியவேண்டும். எண் இல்லாத படத்தை அடிக்குறிப்பில் காட்ட முடியாது.

படித்துப் பொருள் கொள்வதில்தான் பெரிய பொறி. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி, பெயர், பெற்றோர், ஊர், தகப்பன் தொழில், நடத்திய குருவின் பெயர் என்று கட்டங்கள் ஓடும். ஒரு கிராமத்தில் ஒரே நாளில் பதினைந்து பேர் என்றதும் 'கூட்ட மனமாற்றம்' என்று எழுதிவிடத் தோன்றும். பிறந்த தேதிக் கட்டம் இருந்தால் அதைப் பாருங்கள். பிறப்பு இரண்டு வருடத்தில் பரவிக் கிடந்து, பெற்றோர் பெயரும் கிறிஸ்தவப் பெயராகவே இருந்தால் நடந்தது வேறு: குருவானவர் அந்த ஊருக்கு வரவே நாளாகியிருக்கிறது, வந்த அன்று காத்திருந்த குழந்தைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். அதேபோல் ஆறு மாதம் பதிவே இல்லை என்றால் சபை தேய்ந்தது என்று அர்த்தமில்லை, குரு இல்லாமல் இருந்திருக்கலாம். நடத்தியவர் பெயர் மாறுகிறதா என்று முன்னும் பின்னும் பாருங்கள்.

தரங்கம்பாடி ஆவணங்களில் பெரும்பகுதி ஜெர்மனியில் ஹாலே நகர் பிராங்கே நிறுவனங்களில் இருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரியாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில், இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சுவிசேஷப் பிரபல்லிய சங்கத்தினுடையவை ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில். தஞ்சாவூரிலேயே சரஸ்வதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சரபோஜி காலப் பின்புலம் இல்லாமல் சுவார்ட்ஸைப் பற்றி எழுதுவது பாதி வேலை.

ஆசிரியர் பணியும் வெளிநாடும்

இறையியல் கல்லூரியில் நிரந்தர இடம் வேண்டுமானால் முனைவர் பட்டம் இல்லாமல் இனி நகராது. பல்கலைக்கழகம் பக்கம் போக நினைப்பவர்கள் 'சமயங்களின் ஒப்பாய்வு' பாடத்தில் விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறை இருக்கிறது. உங்கள் செராம்பூர்ப் பட்டத்துக்கு இணைத்தன்மை உண்டா என்று சேர்வதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

இங்கிலாந்துக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் ஞாயிறுகளில் அங்கே திருவிருந்து நடத்தலாம் என்று நம்பிப் போய் ஏமாறுவதுண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் குருப்பட்டம் அங்கே செல்லும். ஆனாலும் 1967ஆம் வருடச் சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் கேன்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயரின் அனுமதி வாங்கவேண்டும். அதற்குமேல் அந்தந்த மறைமாவட்டப் பேராயரின் அனுமதியும் தேவை. குருப்பட்டச் சான்று, நம் பேராயரின் நற்சான்றுக் கடிதம், காவல்துறை நன்னடத்தைச் சான்று மூன்றையும் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே தயார் செய்யுங்கள். விசா எந்த வகை என்பதையும் பாருங்கள். மாணவர் விசாவில் சம்பளத்தோடு சபை வேலை பார்க்க முடியுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலாக வாங்கிய பிறகே அங்குள்ள சபைக்கு வாக்குக் கொடுங்கள்.