பட டிஸ்க்கிலிருந்து ஒலியை எடுக்கும்போது எங்கே கெடுக்கிறோம்?

டிவிடி, ப்ளூரே போன்ற டிஸ்க்கில் உள்ள படத்தின் ஒலியை மட்டும் பிரித்து போனில் போட்டுக் கேட்டால், பல நேரம் வசனம் அமுங்கிப்போய் இசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். பழி இயர்போன் மேல் விழும். ஆனால் டிஸ்க்கில் இருப்பது நல்ல ஒலிதான், எடுக்கும் விதத்தில்தான் கெட்டுப்போகிறது.

பெரிய தவறு 5.1 எனப்படும் பல சேனல் ஒலித் தடத்தைக் கையாள்வதில் நடக்கிறது. அதில் ஆறு சேனல்கள்: முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, அப்புறம் தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். இட, வல சேனல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பின்னணி இசை முழங்கும், பேசுகிறவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். ஆறையும் முறையாக இரண்டாகக் கலக்க வேண்டும். வழக்கமான கலவையில் நடுச் சேனல் 3 டெசிபல் குறைக்கப்பட்டு இரு பக்கமும் சேரும். அதன் பிறகும் வசனம் மெலிதாக இருந்தால் நடுச் சேனலைக் கொஞ்சம் ஏற்றிக் கலக்கலாம், தவறில்லை. பல சேனல்கள் கூடும்போது உச்சங்கள் அளவு மீறிக் கரகரக்கும் என்பதால், மொத்த ஒலியளவைக் குறைத்துவிட்டுக் கலப்பது நல்லது.

சில டிஸ்க்குகளில், குறிப்பாக இசை நிகழ்ச்சிகளில், தனி ஸ்டீரியோ தடமே இருக்கும். இருந்தால் அதையே எடுங்கள். மெனுவில் முதலில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் வேறு மொழித் தடமோ, இயக்குநரின் விளக்க உரையோ வந்து நிற்கும்.

ஓடவிட்டு ஹெட்போன் துளையிலிருந்து பதிவு செய்வதை விட்டுவிடுங்கள். டிஜிட்டலை அனலாகாக்கி மறுபடி டிஜிட்டலாக்கும்போது இரைச்சலும் ஒட்டிக்கொள்ளும், படம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) போன்ற கணினி மென்பொருள், கோப்பிலிருந்து தடத்தை அப்படியே பிரித்துத் தரும். ஆனால் பல டிஸ்க்குகளுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு உண்டு. சொந்த டிஸ்க்கானாலும் அதை உடைப்பதைத் தடுக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது சுருக்கம். டிவிடியின் டால்பி தடம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதிகபட்சம் விநாடிக்கு 448 கிலோபிட், ஸ்டீரியோ என்றால் பல நேரம் 192. அதை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் இழப்பின் மேல் இழப்பு. ஏஏசி (AAC) என்ற சுருக்க வடிவத்தில் 192 கிலோபிட் போதும். தரம் இழக்காமல் சுருக்கும் எஃப்எல்ஏசி (FLAC) வடிவமாக ஆக்கினால் போன தரம் திரும்பி வராது, கோப்புதான் பெருக்கும். ப்ளூரேயில் ட்ரூஹெச்டி போல இழப்பில்லாத தடம் இருந்தால் எஃப்எல்ஏசிக்கு அர்த்தம் உண்டு. எதுவானாலும் பிரித்தெடுத்த மூலத் தடத்தை அழிக்காதீர்கள். வேறு வடிவம் தேவைப்பட்டால் எம்பி3-இலிருந்து அல்ல, அந்த மூலத்திலிருந்தே மறுபடி மாற்ற வேண்டும்.

டிவிடி ஒலியின் மாதிரி வீதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறார்கள் என்பது, வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கு உரிய 44.1-க்கு மாற்றத் தேவையே இல்லை, இன்றைய போன்கள் 48-ஐ அப்படியே பாடும்.

டால்பியை விரிக்கும்போது உரத்த இடத்தைத் தணித்து மெல்லிய இடத்தை உயர்த்தும் ஒரு வசதியும் உண்டு. எஃப்எஃப்எம்பெக்கில் அது தானாகவே இயங்கும். பயணத்தில் கேட்க அப்படியே விடலாம், கிசுகிசுப்பும் காதில் விழும். அமைதியான அறையில் கேட்பதானால் அணைத்துவிடுங்கள், இசையின் ஏற்ற இறக்கம் முழுதாகக் கிடைக்கும்.

முழுப் படத்தையும் மாற்றும் முன், வசனமும் இசையும் ஒன்றாக வரும் இரண்டு நிமிடத்தை மாற்றி, நீங்கள் கேட்கப்போகும் அதே இயர்போனில் கேட்டுப் பாருங்கள்.