அமெரிக்காவில் சின்ன பர்கர் கடைக்குச் சாப்பிடப் போகிறீர்களா?

காலை உணவும் பர்கரும் விற்கும் தெருமுனைக் கடைகளில் பெரும்பாலும் எல்லாமே ஒரே பெரிய தோசைக்கல்லில்தான் வேகும். பேக்கன் என்னும் பன்றி இறைச்சித் துண்டுகளைப் பொரித்த அதே இடத்தில்தான் உங்கள் ஆம்லெட்டும், துருவிய உருளைக்கிழங்கில் செய்யும் ஹாஷ் பிரவுனும் புரளும். சைவக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே, தனிச் சட்டியில் செய்து தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். வார நாள் காலையில் கேட்டால் செய்து தர வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலைக் கூட்டத்தில் பாவம், சமைப்பவருக்குக் கை ஒழியாது.

முட்டை எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். 'சன்னி சைடு அப்' என்றால் நம்ம ஊர் ஆஃப்பாயில். 'ஓவர் ஈஸி' திருப்பிப் போட்டது, ஆனாலும் மஞ்சள் கரு ஒழுகும். நன்றாக வெந்திருக்க வேண்டுமா, 'ஓவர் ஹார்டு' என்று சொல்லுங்கள்.

பர்கரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொத்திய இறைச்சியில் கிருமி உள்வரை கலந்திருக்கலாம். அதனால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 'வெல் டன்', அதாவது உள்வரை நன்றாக வெந்ததுதான் சரி.

அப்புறம் டிப்ஸ். மேசைக்கு வந்து பரிமாறினால் பில்லில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம்.