சாங்கி – ஜேஎஃப்கே: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

ஊரை வைத்துத் தொடங்காதீர்கள், விமான நிலையத்தை வைத்துத் தொடங்குங்கள். நியூயார்க் என்று தேடினால் ஜேஎஃப்கே, லகார்டியா, நுவர்க் மூன்றும் வந்து நிற்கும். இங்கே சிங்கப்பூர் சாங்கியிலிருந்து ஜேஎஃப்கேவுக்குப் போடுவோம்.

சாங்கி 1.36° வடக்கு, 103.99° கிழக்கு. ஜேஎஃப்கே 40.64° வடக்கு, 73.78° மேற்கு. மேற்குக்கும் தெற்குக்கும் கழித்தல் குறி கட்டாயம். அதை விட்டால் இதே தடம் 5,300 கி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும். 1° 21′ என்பதை 1.21 என்று எழுதுவதும் தவறு. 21ஐ 60ஆல் வகுத்தால் 1.35.

இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி வையுங்கள். பிறகு அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 177.77°இன் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் −0.7426, அதன் தலைகீழ் கொசைன் (எக்செல்லில் ACOS) 137.95°. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்றால் 8,277 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் சுமார் 15,330 கி.மீ. எக்செல்லில் போடுகிறவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் அர்த்தமில்லாத எண் வரும்.

விடை சரியா என்று பார்க்க இந்தத் தடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு நிலையங்களும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டியே போகும். 180இலிருந்து இரு அட்சரேகைகளையும் கழியுங்கள்: 138°.

அடுத்து நேரம். 900 கி.மீ. வேகத்துக்கு வகுத்தால் 17 மணி. ஏறவும் இறங்கவும் அரை மணி, ஓடுபாதைக்குப் போய்வர இன்னொரு அரை மணி சேர்த்தால் 18. அட்டவணையிலோ 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் விமானம் அந்தக் குறுகிய கோட்டில் போவதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் போகும். அதை முதுகில் வாங்கப் பசிபிக் வழியே ஆயிரம் கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் லாபம்தான். திரும்பும்போது அட்லாண்டிக் வழியே வந்தால் அதுவும் கிழக்குத் திசைதான். இரு பக்கமும் பின்காற்று கிடைக்கக்கூடிய தடங்கள் அபூர்வம். லண்டன்–நியூயார்க் போன்ற தடங்களில் இந்தச் சலுகை இல்லை, மேற்கே போகும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடும்.

கடைசியில் கடிகாரம். புறப்படும் நேரம், வந்துசேரும் நேரம் இரண்டையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றாமல் கழிக்கவே கூடாது. சிங்கப்பூர் எப்போதும் அதைவிட 8 மணி முன்னே, +8. நியூயார்க் குளிர்காலத்தில் −5. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை −4. ஜனவரியில் திங்கள் இரவு 10:30க்கு நியூயார்க்கில் ஏறினால் யூடிசியில் அது செவ்வாய் அதிகாலை 3:30. அதோடு 18:40 கூட்டினால் செவ்வாய் இரவு 10:10, சிங்கப்பூரில் புதன் காலை 6:10. டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று பொடி எழுத்தில் இருப்பது இதைத்தான். ஓட்டல் அறையைச் செவ்வாய்க்குப் போட்டுவிட்டு அலைகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காதவர்கள்.