மேனேஜ்டு ஸ்விட்ச்: முதல் முறை கை வைப்பவர்களுக்கு

சாதாரண ஸ்விட்ச்சில் கேபிளைச் சொருகினால் வேலை முடிந்தது. அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சின் உள்ளே போனால் விலேன், டிரங்க், எஸ்டிபி, எஸ்என்எம்பி என்று மெனு நீள்கிறது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்விட்ச் ஒரு ஃப்ரேமை (கேபிளில் போகும் தகவல் பொட்டலத்தை) எப்படிக் கையாள்கிறது என்பது பிடிபட்டால் போதும், பாதிச் சொற்கள் தானாகவே புரிந்துவிடும்.

படி 1: மேக் அட்டவணையைத் திறந்து பாருங்கள்

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு மேக் முகவரி உண்டு. ஃப்ரேம் உள்ளே வந்ததும், அதை அனுப்பிய முகவரியையும் அது நுழைந்த போர்ட்டையும் ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். அப்புறம், போக வேண்டிய முகவரியை அட்டவணையில் தேடும். இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுப்பும். இதற்கு ஃப்ளடிங் என்று பெயர். எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃப்ரேமும் இப்படித்தான் பரவும். இந்தப் பரவலை மனதில் வையுங்கள், கீழே இரண்டு முறை வரப்போகிறது.

படி 2: நிர்வாகக் கதவைப் பூட்டுங்கள்

கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொலைவிலிருந்து ஸ்விட்ச்சுக்குள் நுழையும் வழிகளில் டெல்நெட் (டிசிபி போர்ட் எண் 23, கேபிள் சொருகும் போர்ட் அல்ல) எல்லாவற்றையும் மறைக்காமல் அனுப்பும், அதை அணைத்துவிட்டு, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் (டிசிபி போர்ட் எண் 22) வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: விலேன் பிரியுங்கள்

ஃப்ளடிங் எதுவரை போகலாம் என்று நாம் போடும் வேலிதான் விலேன். கணினிகளுக்கு 10, கேமராக்களுக்கு 20 என்று பிரித்தால், ஒன்றின் பிராட்காஸ்ட் மற்றதற்குப் போகாது. இரண்டும் பேசிக்கொள்ள ரவுட்டரோ, ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 ஸ்விட்ச்சோ வேண்டும்.

கணினி சொருகும் போர்ட் அக்சஸ் போர்ட். அது ஒரே விலேனைச் சேர்ந்தது. இரண்டு ஸ்விட்ச்களை இணைக்கும் கேபிளில் பல விலேன்கள் போக வேண்டும், அது டிரங்க் போர்ட். எந்த ஃப்ரேம் எந்த விலேன் என்று தெரிய, 802.1க்யூ என்ற தரப்படி 4 பைட் டேக் ஒட்டப்படும். அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 இரண்டையும் ஒதுக்கிவிட்டதால் நமக்கு 1 முதல் 4094 வரை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவதையே டிரங்க் என்கின்றன. கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது பிவிஐடியில். அன்டேக்டு என்பது வெளியே போகும் ஃப்ரேமில் டேக் வேண்டாம் என்பதற்கு. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃப்ரேம் எந்த விலேன் என்று சொல்வது பிவிஐடி. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், லிங்க் விளக்கு எரியும், தகவல் மட்டும் போகாது.

இன்னொன்று. நான் ஒரு முறை என் மடிக்கணினி இருந்த போர்ட்டையே வேறு விலேனுக்கு மாற்றி, சேமி பொத்தானைக் கூடத் தொட முடியாமல் வெளியே நின்றேன். நெட்வொர்க் இல்லாமல் ஸ்விட்ச்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள்தான் காப்பாற்றியது. உங்கள் போர்ட்டைக் கடைசியில் மாற்றுங்கள்.

படி 4: எஸ்டிபி இயங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள்

இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே தவறுதலாக இரண்டாவது கேபிள் சொருகினால் வளையம் உண்டாகும். ஐபி பாக்கெட்டில், ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து பூஜ்யமானதும் பாக்கெட்டை அழிக்கும் ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஈதர்நெட் ஃப்ரேமில் அது கிடையாது. பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கும். 1985இல் ரேடியா பெர்ல்மன் இதற்கு உருவாக்கிய தீர்வுதான் ஸ்பேனிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. கூடுதல் பாதையை அது தடுத்து வைக்கும், முதல் பாதை அறுந்தால் திறந்துவிடும். பழைய எஸ்டிபியில் ஒரு போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகும். அதன் வேகமான பதிப்பான ஆர்எஸ்டிபி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்பேனிங் ட்ரீ என்ற இந்த மரத்தின் வேர் எந்த ஸ்விட்ச் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முன்னுரிமை எண் சிறியதாக உள்ளதே வேராகும். முன்னுரிமை எண் எல்லாவற்றிலும் 32768 ஆகவே இருந்தால், சிறிய மேக் முகவரி உள்ளதே வேராகும். அது மூலையில் கிடக்கும் பழைய ஸ்விட்ச்சாகவும் இருக்கலாம். நடு ஸ்விட்ச்சில் 4096 என்று போடுங்கள்.

படி 5: மீதி

எல்ஏசிபி பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும். எல்எல்டிபி பக்கத்தில் எந்தச் சாதனம் இருக்கிறது என்று காட்டும். எஸ்என்எம்பி கண்காணிப்புக்கு; பதிப்பு 3 மட்டுமே பாதுகாப்பானது. என்டிபி நேரத்தைச் சரியாக வைக்கும், அது இல்லாமல் லாக் (நிகழ்வுப் பதிவு) படித்துப் பயனில்லை.

சரி, இப்போது சேமியுங்கள். பல ஸ்விட்ச்களில் இயங்கும் அமைப்பு வேறு, துவக்க அமைப்பு வேறு. சேமிக்காவிட்டால் மின்சாரம் போனதும் எல்லாம் போய்விடும். அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றைக் கணினியிலும் இறக்கி வையுங்கள்.