‘இகெ’யைத் தேடினால் தீவு மாட்டும்

ஹங்கேரிய மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்க்கப் புதிதாக வந்த இருவரும், சொல்லிவைத்தாற்போல் என் பழைய தப்பையே செய்தார்கள். ஐ, ஜி, ஈ என்ற மூன்றெழுத்துதான் விவகாரம். ஆங்கில மருத்துவத்தில் அது இம்யூனோகுளோபுலின் ஈ, ஒவ்வாமையில் எகிறும் எதிர்ப்பொருள். 1968-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற பெயர். ஹங்கேரியர்கள் அதே மூன்றெழுத்தை ‘இகெ’ என்று படிப்பார்கள், அதற்கு ‘வினைச்சொல்’ என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘ரீப்ளேஸ் ஆல்’

ஒவ்வாமை நோயாளிகளுக்கான கேள்விப் படிவம் ஒன்று. எதிர்ப்பொருளின் பெயரை எல்லா இடத்திலும் சின்ன எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தார் வாடிக்கையாளர். முதலெழுத்தும் கடையெழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். ‘ரீப்ளேஸ் ஆல்’ என்று ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றி, சேமித்து, மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.

ஹங்கேரியனில் ‘ஆம்’ என்பதற்கு ‘இகென்’. அதன் முதல் மூன்றெழுத்து? அதேதான். கேள்விக்குக் கேள்வி ஆம், இல்லை கட்டங்கள். அத்தனை ‘ஆம்’களுக்கும் நடுவில் கொம்பு முளைத்ததுபோல் ஒரு பெரிய எழுத்து. தீவுக்கு ‘ஸிகெத்’, சோலைக்கு ‘லிகெத்’. இரண்டின் வயிற்றிலும் அந்த மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கிறது. முகவரிப் பக்கத்தில் புடாபெஸ்ட்டின் மார்கிட் தீவும் தப்பவில்லை, வாரோஷ்லிகெத் பூங்காவும் தப்பவில்லை.

‘முழுச் சொல் மட்டும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் போதும். ஒரே ஒரு டிக்! மறுநாள் முழுக்கக் கையால் திருத்தினேன். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன எழுத்தில் அடித்தது அவர்கள்தான் என்று வாய்வரை வந்ததை விழுங்கியது இன்னும் எரிகிறது.

பன்மையை மறப்பது

இலக்கணக் குறிப்புகளில் வினையைத் தேடுவோருக்குத் தலைகீழ்த் தொல்லை. பன்மையில் ‘இகேக்’, இரண்டாம் வேற்றுமையில் ‘இகேத்’. கடைசி உயிர் நீண்டு, தலையில் கோடு போட்ட வேறெழுத்தாகிவிடும். கோட்டைக் கணக்கில் எடுக்கும் தேடலில் தீவு சிக்கும், சோலை சிக்கும், வினைகள் மட்டும் நழுவிவிடும்.

அகராதியில் ‘பார்க்க’ என்று தேடுவது

ஹங்கேரிய அகராதியில் வினை அந்த எச்ச வடிவத்தில் கிடைக்காது. ‘லாத்’ என்றுதான் இருக்கும். பார்க்கிறான், பார்க்கிறாள் இரண்டுக்கும் அதுவே.

வாக்கிய நடுவில் ‘இகெ’ பெரிய முதலெழுத்தோடு வந்தால்

விவிலியமா என்று பாருங்கள். ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்கிறோமே, அந்த வார்த்தைக்கும் ‘இகெ’தான்.